சாய்மனைக் கதிரைக்கு ஒரு சிறிய ரௌட்டர்: மகிட்டா ஆர்டி 0700 சி

மகிட்டா நிறுவனத்தின் ஆர்டி 0700 சி ரௌட்டரை, அதாவது சுழலும் பிட் என்னும் வெட்டலகால் மரத்தைச் சீவும் மின்கருவியை, நான் ஒரு வேலையை மனத்தில் வைத்தே வாங்கினேன். அது சாய்மனைக் கதிரையின் பக்கச் சட்டம். யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் அந்தக் கதிரையைப் பார்த்தவர்களுக்கு அதன் பக்கச் சட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் மடியும் இடத்தில் சற்று எழும்பி, இருப்பிடத்தில் தாழ்ந்து, முதுகுக்கு ஏற்ப மீண்டும் எழுந்து சாயும் நீண்ட வளைவு அது. பிரம்பு கட்டப்படுவது அந்தச் சட்டத்தில்தான். இடது சட்டமும் வலது சட்டமும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் பிரம்பு ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் தொய்யும். இருப்பவர் சில நிமிடங்களிலேயே ஒரு பக்கமாகச் சரிவார்.

ஒரு வளைவைக் கையால் அழகாகச் செதுக்க எங்கள் தச்சர்களுக்குத் தெரியும். அப்பா வாளும் உளியும் அரமும் கொண்டே அதைச் செய்தார். அவர் செய்த கதிரைகளின் வளைவில் விரலை ஓட்டினால் எங்கும் தடக்காது. ஆனால் ஒரு வளைவுக்கு அச்சொட்டாக இன்னொன்று செய்வது வேறு வேலை. ஒரு வீட்டுக்கு நான்கு கதிரை வேண்டும் என்றால் எட்டுச் சட்டங்கள் ஒன்றுபோல் வரவேண்டும். ரௌட்டரின் இடம் அதுதான். ஆகவே இந்தக் கருவி எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைவிட, வளைவின் வடிவில் நான் வீட்டில் செய்த பலகை அச்சுக்கு எவ்வளவு கீழ்ப்படிகிறது என்பதையே இந்த மதிப்புரையில் அளக்கப்போகிறேன்.

முதலில் கருவி. 710 வாற்று மோட்டர். எடை ஏறத்தாழ 1.8 கிலோகிராம். நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்றுவரை வேகத்தை மாற்றலாம். அதற்கு 1 முதல் 6 வரை இலக்கமிட்ட சிறிய சக்கரம் இருக்கிறது. ஆளியைப் போட்டவுடன் துள்ளாமல் மெதுவாக வேகம் எடுக்கிறது. மரம் கடினமாகும்போது வேகம் விழாமல் மின்னணுக் கட்டுப்பாடு பிடித்துக்கொள்கிறது. இதே நிறுவனத்தின் 3709 என்ற பழைய மாதிரியும் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் நிறைய இருக்கிறது. அது 530 வாற்று, 30,000 சுற்று என்ற ஒரே வேகம். பொஷ் ஜிகேஎஃப் 550 மாதிரியும் அப்படித்தான், 33,000 சுற்று, வேகம் மாற்ற வழியில்லை. மேசை விளிம்பில் லமினேற் தாளைச் சீவுவதற்கு அவை போதும். வளைவு வேலையில் கை சில இடங்களில் தயங்கித்தான் நகரும். தயங்கும் இடத்தில் 30,000 சுற்று என்றால் மரம் கருகும். வேகத்தைக் குறைக்க முடிவதற்காகவே இந்த மாதிரிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்பது என் கருத்து.

இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடித்தது. ஆழத்தை மாற்ற நெம்பை விடுவித்துத் திருகைச் சுழற்றினால் மோட்டர் பற்சட்டத்தில் மெல்ல ஏறி இறங்குகிறது. நெம்பை மடக்கினால் அப்படியே நிற்கிறது. சொல்லும்போது சிறிய விடயம்போலத் தெரியும். ஒரு சட்டத்தை 3 மில்லிமீற்றர் 3 மில்லிமீற்றராக இறக்கி வெட்டும்போது ஒவ்வொரு முறையும் ஆழம் வழுவாமல் நின்றால்தான் வெட்டிய பரப்பில் படி விழாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். இந்த மாதிரி வெவ்வேறு நாடுகளுக்கு பிட்டின் தண்டைக் கவ்வும் பிடிவளையம் வெவ்வேறு அளவாக வருகிறது: 6 மில்லிமீற்றர், 8 மில்லிமீற்றர், கால் அங்குலம். எங்கள் கடைகளில் பிட்டுகளும் அப்படிக் கலந்தே கிடக்கின்றன. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். கால் அங்குலப் பிடிவளையத்தில் 6 மில்லிமீற்றர்த் தண்டைப் போட்டு இறுக்கினால் இறுகியதுபோலத் தோன்றும். ஆனால் அந்தப் பிடி வேலைக்கு உகந்தது அல்ல. சுழலும்போது பிட் மெல்லக் கீழே இறங்கிவிடலாம், கழன்று பறக்கவும் கூடும். ஸ்ரான்லி வீதியில் ஹாட்வெயார் கடைக்குப் போகும்போது நான் பிடிவளையத்தையே கழற்றிக் கையில் கொண்டுபோகிறேன். பிட்டை அதற்குள் விட்டுப் பார்த்துத்தான் காசு கொடுப்பேன். தண்டை அடிமட்டும் தள்ளிவிட்டும் இறுக்கக்கூடாது. அடியில் தட்டியபின் 2 அல்லது 3 மில்லிமீற்றர் மேலே இழுத்து இறுக்க வேண்டும்.

இனி அச்சு. இந்தக் கருவியை மதிப்பிட வேண்டிய இடம் இதுவே என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

சாய்மனைக் கதிரையின் வளைவுக்கு ஆயத்த அச்சு எந்தக் கடையிலும் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக் கதிரைக்கும் ஒவ்வொரு சாய்வு. ஆகவே நல்ல பழைய கதிரை ஒன்றைத் தேடி, அதன் பக்கத்தில் தடித்த காகிதத்தை ஒட்டி, பென்சிலால் விளிம்பை எடுத்துக்கொள்வதே வழி. பழைய கதிரையில் தேய்மானம் இருக்கும், கறையான் தின்ற இடமும் இருக்கும். எடுத்த கோட்டை அப்படியே நம்பக்கூடாது. காகிதத்தைப் பலகையில் விரித்து, கோட்டின் முக்கியமான இடங்களில் ஆணி அறைந்து, மெல்லிய மூங்கில் தப்பை ஒன்றை அந்த ஆணிகளை ஒட்டி வளைத்துப் பிடித்தால், தப்பை எடுக்கும் வளைவே சரியான வளைவு. எந்த ஆணியில் தப்பை உடைந்ததுபோல் மடங்குகிறதோ அந்த ஆணியைப் பிடுங்கிவிடலாம். அது தேய்மானத்தால் வந்த பிழை.

அச்சுக்கு 12 மில்லிமீற்றர் பிளைவுட் எடுத்தேன். மரநாரை அமுக்கிச் செய்த எம்டிஎஃப் பலகை சீவுவதற்கு இதமானது. விளிம்பு வெண்ணெய்போல் வரும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் யாழ்ப்பாணத்துப் பட்டறையில் அதை வைத்திருந்தால் விளிம்பு ஊதிப் பொருமிவிடும். ஒரு முறைக்கு மட்டும் என்றால் எம்டிஎஃப் போதும். ஆண்டுக்கணக்கில் வைத்துப் பயன்படுத்தும் அச்சு என்றால் நீர் தாங்கும் பிளைவுட் எடுத்து, விளிம்புக்கு வார்னிஷ் பூசுங்கள். பிளைவுட்டின் விளிம்பில் சிறு பொந்துகள் இருந்தால் புட்டியால் அடைத்துத் தேய்க்க வேண்டும். பிட்டில் உள்ள பெயாரிங் என்னும் சுழல் வளையம் அந்த விளிம்பைத் தொட்டுக்கொண்டுதான் ஓடும். அச்சில் உள்ள பள்ளம் எவ்வளவு சிறிதானாலும் எட்டுச் சட்டத்திலும் எட்டு முறை பதியும். கண்ணைவிட விரலே இதற்கு நம்பகமானது. கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைத் தடவிப் பார்ப்பேன்.

அச்சை உண்மையான சட்டத்தைவிட இரு முனையிலும் 60 மில்லிமீற்றர் நீளமாக விட்டிருக்கிறேன். சட்டத்துக்கான மரத்தையும் அதே அளவு நீளமாக அறுத்து, அந்த மிகை முனைகளில் துளையிட்டு, அச்சையும் மரத்தையும் போல்ட் போட்டுச் சிறகு நட்டால் இறுக்குகிறேன். வேலை முடிந்ததும் முனைகளை அறுத்துவிட்டால் துளையும் போய்விடும். கதிரையில் ஆணித் தழும்பு ஒன்றும் இராது. துளைகள் மரத்தின் ஊடாகப் போவதால் இன்னொரு பெரிய வசதியும் கிடைக்கிறது: அதே அச்சைக் கழற்றி, மரத்தின் மறுமுகத்தில் அதே துளைகளில் பொருத்தலாம். வளைவு அணுவும் பிசகாது. இது ஏன் தேவை என்பதற்கு மரத்தின் ஓட்டத்தைப் பற்றிப் பேசவேண்டும்.

மேலிருந்து பார்த்தால் ரௌட்டரின் பிட் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. ஆகவே மரத்தின் வெளிவிளிம்பில் கருவியை இடஞ்சுழியாக, அதாவது நமக்கு முன்னுள்ள விளிம்பில் இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். மாறித் தள்ளினால் பிட் மரத்தைப் பற்றிக்கொண்டு கையிலிருந்து கருவியை இழுத்துக்கொண்டு ஓடும். திசை ஒன்றுதான், ஆனால் வளைவில் மரத்தின் நார் ஒரே திசையில் இராது. குழிந்த வளைவில் முனையிலிருந்து நடுவை நோக்கி வெட்டினால் நார் படிந்து வரும். நடுவைத் தாண்டி ஏறத்தொடங்கியதும் நார் எதிர்த்து நிற்கும், சிராய் சிராயாகப் பிளந்து வரும். புடைத்த வளைவில் இதற்கு நேர்மாறு. உச்சியிலிருந்து முனைகளை நோக்கி இறங்க வேண்டும். ஆகவே ஒரு வளைவின் ஒரு பாதியை ஒரு முகத்திலிருந்தும், மறுபாதியை மரத்தைக் கவிழ்த்து மறுமுகத்திலிருந்தும் வெட்டவேண்டும். அச்சு இரு முகத்திலும் பொருந்த வேண்டியது அதற்காகத்தான்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மூத்த தச்சர் ஒருவர், நான் வேலை செய்வதை வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். கருவியின் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

“தம்பி, கோட்டை எங்கே போட்டாய் என்பது இருக்கட்டும். இந்தப் பலகையின் அடிப்பக்கம் எது, தலைப்பக்கம் எது?”

“அடிப்பக்கம் காலுக்கு, ஐயா. சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டிருக்கிறேன்.”

“அப்போது சரி. நார் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தாயா? வளைவு நாரோடு போனால் கதிரை உன் பேரனையும் தாங்கும். குறுக்கே போனால் முழங்கால் மடியும் இடத்தில் வெடிக்கும்.”

அவர் சொன்னது எந்த ரௌட்டராலும் தரமுடியாத அறிவு. நேர்நாருள்ள பலகையில் ஆழமான வளைவை அறுத்தால், வளைவு திரும்பும் இடத்தில் நார் குறுகிப்போகும். பலம் அங்கே இராது. அதனால்தான் இந்தச் சட்டத்துக்கு நான் வேம்பை விரும்புகிறேன். எங்கள் மண்ணில் வேம்பு நெடுநேராக வளர்வது குறைவு. கூரைவேலைக்காரருக்கு அது குறையாகப் படும். கதிரைச் சட்டத்துக்கு அதுவே வரம். மரக்காலையில் வளைந்த அடிமரமாகப் பார்த்து, அந்த வளைவிலேயே பலகை அரியச் சொன்னால், காகித அச்சை அதன்மேல் வைத்து நார் ஓடும் வழியிலேயே கோடு போடலாம். பூச்சிக்கும் வேம்பு எளிதில் இடங்கொடாது. பலாவும் அழகான மஞ்சள் மரம். ஆனால் பலாவைத் தறிப்பதற்கு அனுமதி பெறவேண்டும் என்பதால் நினைத்தவுடன் கிடைக்காது. பனையை இந்த வேலைக்கு எடுக்கவேண்டாம். அதன் கறுத்த நார்க்கட்டுகள் வளைவில் ஊசியூசியாகக் கிளம்பும். பிட்டின் கூரும் போய்விடும்.

வெட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வாளால் கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீற்றர் விட்டு அறுத்துவிட வேண்டும். முழுச் சதையையும் ரௌட்டரால் தின்னவைப்பது கருவிக்கும் கேடு, மரத்துக்கும் கேடு. பிறகு தண்டுப் பக்கத்தில் பெயாரிங் உள்ள பிட். என் சட்டத்தின் தடிப்பு 30 மில்லிமீற்றர். பிட்டின் வெட்டு நீளம் 25. ஆகவே பெயாரிங் அச்சின் விளிம்பைத் தொடும் ஆழத்தில் தொடங்கி, சிறிது சிறிதாக 25 வரை இறக்கிய பின் மரத்தைக் கவிழ்த்து, நுனியில் பெயாரிங் உள்ள இன்னொரு பிட்டால், ஏற்கெனவே வெட்டிய பரப்பையே வழிகாட்டியாக வைத்து மிச்சத்தை எடுத்துவிடுகிறேன். இரண்டு பிட்டும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பெயாரிங் வைத்த பிட்டுகள் எப்போதும் இருப்பில் இருப்பதில்லை. எனக்குக் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது.

இந்த வேலையில் எல்லாச் சிறிய ரௌட்டர்களுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. அடித்தட்டு உள்ளங்கையளவு என்பதால் ஒடுங்கிய சட்டத்தின்மேல் பாதி வெளியே தொங்கும். கை சற்று அயர்ந்தால் கருவி சரியும், சரிந்த இடத்தில் மரத்தில் கவ்வல் விழும். அதற்கு நான் செய்த மாற்று, 6 மில்லிமீற்றர் அக்கிரிலிக் தகட்டில் ஒரு முழத்துக்குக் கிட்டிய நீளமான அடித்தட்டு. கருவி ஒரு முனையில், மறுமுனையில் பழைய சீவுளியிலிருந்து எடுத்த மரப்பிடி. இடது கை அந்தப் பிடியை மரத்தின்மேல் அழுத்திக்கொண்டிருக்க, வலது கை கருவியை நடத்துகிறது. தட்டைப் பொருத்துவதற்கான திருகுத் துளைகளை மூல அடித்தட்டை வைத்தே குறித்துக்கொள்ளலாம். இந்தத் தட்டு போட்ட பிறகுதான் கருவியின் முழுத் திறமையும் எனக்குத் தெரிந்தது. மரத்தோடு அசையாமல் ஒட்டிக்கொண்டு போகிறது. வெட்டிய பரப்பு 180 ஆம் இலக்க அரத்தாளோடு முடிந்துவிடுகிறது.

தலைச்சட்டத்துக்கு வேறொரு அச்சு. அது ஒரு வட்டத்தின் வில் என்பதால் பலகை அச்சு வேண்டாம். கவராயம்போல் ஒரு நீண்ட கை போதும். பள்ளிக்கூடக் கேத்திரகணிதம் இங்கே உதவும். நாணின் நீளத்தை அதனாலேயே பெருக்கி, வில்லின் நடு உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அந்த உயரத்தின் பாதியைக் கூட்டினால் ஆரை வரும். என் தலைச்சட்டத்தின் நாண் 480 மில்லிமீற்றர், நடு உயரம் 30. 2,30,400ஐ 240ஆல் வகுக்க 960; அதோடு 15 சேர்க்க 975. ஒரு மீற்றருக்குச் சற்று நீண்ட பிளைவுட் கீலத்தில் ஒரு முனையில் ரௌட்டரைத் திருகி, மறுமுனையில் ஆணி மையமாக நிற்க, அந்த ஆரையில் சுழற்றினால் வேலை முடிந்தது. கவனிக்க வேண்டியது, புடைத்த விளிம்பை வெட்டும்போது ஆணியிலிருந்து பிட்டின் கிட்டிய விளிம்புவரையும், குழிந்த விளிம்பை வெட்டும்போது தூர விளிம்புவரையும் அளக்கவேண்டும். இதை மாற்றி அளந்தால் பிட்டின் விட்டத்தளவு ஆரை பிசகும்.

ஆயத்தமாகப் பின்னிய பிரம்புத் தாள் போடுபவர்களுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. தாளை அமுக்கி வைப்பதற்கான ஒடுங்கிய தவாளிப்பை வளைவோடு ஒத்து ஓட்டவேண்டும். 10 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள வழிகாட்டி வளையத்தை அடித்தட்டில் பொருத்தி, 6 மில்லிமீற்றர் பிட் போட்டால், அச்சின் விளிம்பிலிருந்து சரியாக 2 மில்லிமீற்றர் தள்ளி வெட்டும். அந்த 2 மில்லிமீற்றரைக் கணக்கில் வைத்து அச்சைச் செய்துகொண்டால் தவாளிப்பு வளைவோடு சமமாக ஓடும். கையால் துளையிட்டுப் பிரம்பு பின்னுபவர்களுக்கு இது தேவையில்லை. கைப்பின்னலையே நான் மேலாக மதிக்கிறேன்; தொய்ந்தால் பின்னியவரே வந்து இறுக்கித் தருவார்.

எல்லா அடிப்பாகங்களும் சேர்ந்த பெரிய தொகுதியும் விற்கிறார்கள்: சாயும் அடிப்பாகம், மேலிருந்து அமுக்கி இறக்கும் அடிப்பாகம், பிட் மோட்டரிலிருந்து விலகி நிற்கும் அடிப்பாகம். கதிரை செய்பவர் சாதாரண அடிப்பாகத்தோடு தொடங்கினால் போதும். மிச்சக் காசுக்கு நல்ல கார்பைட் பிட் இரண்டு வாங்குங்கள். டொலரோடு விலை ஏறி இறங்குவதால் கடைக்குக் கடை கேட்டுப் பார்ப்பதும் நல்லது. படச் சட்டமும் அலுமாரியும் மட்டும் செய்பவருக்கு ஒரே வேகமுள்ள பழைய மாதிரியே போதும். இந்தக் கருவிக்குச் செலவழிக்க வேண்டாம். அரை அங்குலத் தண்டுள்ள பெரிய பிட்டுகளை இது பிடிக்காது. கதவு நிலை, படிக்கட்டுக் கைப்பிடி செய்பவர்கள் பெரிய ரௌட்டரையே பார்க்கவேண்டும்.

மின்சாரம் திடீரென்று நின்றால் உடனே ஆளியை அணைத்துச் சொருகியைப் பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் திரும்பி வரும்போது மேசையில் கிடக்கும் கருவி தானாகச் சுழலத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. முகமூடியும் அவசியம். வேப்பந்தூள் தொண்டையில் இறங்கினால் அன்று குடிக்கும் தேநீரும் கசக்கும்.

பழைய வீடுகளிலிருந்து கழற்றிய தேக்கும் முதிரையும் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் ரௌட்டரை வைக்குமுன் பலகை முழுவதும் காந்தத்தை ஓட்டி உடைந்த ஆணிகளைத் தேடுங்கள். பித்தளைத் திருகு காந்தத்தில் ஒட்டாது, அதற்குக் கண்தான் வேண்டும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும். ஆகவே முழுக்கைச் சட்டை போட்டு, வேலை முடிந்ததும் கையையும் கழுத்தையும் நன்றாகக் கழுவவேண்டும். அதன் நார் பின்னிப் பிணைந்தது என்பதால் எந்தத் திசையில் போனாலும் எங்காவது ஓரிடத்தில் எதிர்க்கும். முதிரையில் வேகச் சக்கரத்தை 4இல் வைத்து, ஒரு நேரத்தில் 1 மில்லிமீற்றருக்கு மேல் இறக்காமல், கடைசிச் சீவலை மட்டும் அரை மில்லிமீற்றராக எடுக்கிறேன்.